டிவிஷன் என்னும் பெரும்படை: ருஷ்யக் களப்படையின் அமைப்பும் தளவாடமும்



போர்ச் செய்திகளில் நாம் அடிக்கடி கேட்கும் சொற்களுள் ஒன்று 'படைப்பிரிவு' என்பது. ருஷ்யப் படைப்பிரிவு ஒன்று ஆற்றைக் கடந்தது என்கிறார்கள். மற்றொரு படைப்பிரிவு பின்வாங்கியது என்கிறார்கள். அப்பிரிவில் இருந்தவர் முப்பது பேரா, மூவாயிரம் பேரா, முப்பதாயிரம் பேரா என்பது அச்சொல்லினின்று விளங்குவதில்லை. தமிழில் இஃது எல்லா அளவுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. பாத்திரம் என்று சொன்னால் அது குவளையா, அண்டாவா என்று தெரியாததைப் போன்றதே இது. ஒரு படையின் பெயர் காதில் விழுந்தவுடன், அதில் ஆட்கள் எத்தனை, டாங்கிகள் எத்தனை, பீரங்கிகள் எத்தனை, இவற்றுக்குச் சோறும் குண்டும் எண்ணெயும் சுமந்து செல்ல லாரிகள் எத்தனை என்று மனக்கணக்குப் போட முடிந்தால் மட்டுமே செய்தியின் உண்மைப் பொருள் நமக்குப் புலனாகும்.

இதற்கு ருஷ்யப் படையை எடுத்துக்கொள்வதில் ஒரு வசதி உண்டு. சோவியத் காலத்திலேயே அதன் அமைப்பு எண்ணிக்கைக் கட்டுப்பாட்டோடு வகுக்கப்பட்டது. அன்றியும், அதன் தளவாடங்களுட் பல நமக்கு அயலானவை அல்ல. டி-72 டாங்கி 'அஜேயா' என்ற பெயரில் 1980-களிலிருந்து ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவாகியது. டி-90 'பீஷ்மா'வும் அங்கேயே உருவாகிறது. பி.எம்.பி.-2 என்னும் கவச வண்டி 'சரத்' என்ற பெயருடன் தெலங்கானத்து மேதக்கில் செய்யப்பட்டது. ஆகவே நாம் பேசப்போவது எங்கோ தொலைவில் உள்ள இயந்திரங்களைப் பற்றி மட்டுமன்று.

முதலில் படிகளைக் காண்போம். அடிப்படியில் இருப்பது ஸெக்ஷன். ஒரு கவச வண்டியில் ஏறக்கூடிய ஆட்களே ஒரு ஸெக்ஷன் என்று கொள்ளலாம். ஏறத்தாழ ஒன்பது பேர். மூன்று ஸெக்ஷன்கள் சேர்ந்தது ஒரு பிளட்டூன். மூன்று பிளட்டூன்கள் ஒரு கம்பெனி, அதாவது சுமார் நூறு பேர். மூன்று கம்பெனிகளும் ஒரு சிறு மார்ட்டர் பிரிவும் பிற உதவிப் பகுதிகளும் சேர்ந்தால் ஏறக்குறைய ஐந்நூறு பேர் கொண்ட பட்டாலியன். எங்கும் மூன்று என்னும் எண்ணே ஆட்சி செலுத்துவதைக் கவனிக்க வேண்டும். இருவர் முன்னின்று போரிட ஒருவர் பின்னின்று தாங்குவது என்ற பழைய போர்முறையின் விளைவு இது.

பட்டாலியனுக்கு மேலே ருஷ்யர்கள் 'போல்க்' என்று வழங்கும் ரெஜிமெண்டு வருகிறது. இவ்விடத்தில் நம்மவர் மயங்குவதற்கு இடமுண்டு. நம் நாட்டில் மதராஸ் ரெஜிமெண்டு என்பது நீலகிரியின் வெலிங்டனில் பயிற்சி நிலையத்தைக் கொண்ட ஒரு குலப்பெயர் போன்றது. அதன் பட்டாலியன்கள் ஒன்று காஷ்மீரத்திலும் ஒன்று அஸ்ஸாமிலும் வெவ்வேறு பிரிகேடுகளின்கீழ் இருக்கக்கூடும். அவை அனைத்தும் ஒருங்கே ஒரு களத்தில் இறங்குவதில்லை. ருஷ்ய ரெஜிமெண்டோ குலப்பெயர் அன்று. களத்தில் ஒருவர் ஆணையின்கீழ் ஒன்றாக நின்று போரிடும் படை. அதற்கென்று சொந்தமாக டாங்கிகள் உண்டு, பீரங்கிகள் உண்டு, விமான எதிர்ப்புப் படைக்கலங்கள் உண்டு.

மற்றொரு மயக்கமும் உண்டு. அது மொழிபெயர்ப்பாளருக்கே உரிய கண்ணி. ருஷ்ய மொழியில் 'திவீசியா' என்பது டிவிஷன். 'திவிசியோன்' என்பது பதினெட்டுப் பீரங்கிகள் அளவிலான பீரங்கிப் பட்டாலியன். ஓர் எழுத்து வேறுபாட்டைக் கவனியாது விட்டால், சில நூறு பேர் ஒரே வரியில் பதின்மூன்றாயிரம் பேராகப் பெருகிவிடுவர்! ஆங்கிலத்தின் வழியாக வரும் செய்திகளில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று கலந்திருப்பதை ஊன்றிப் படிப்பவர் காணலாம்.

இனி டிவிஷனுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரின்போது சோவியத் காலாட்படை டிவிஷனில் மூன்று ரெஜிமெண்டுகளும் ஒரு பீரங்கி ரெஜிமெண்டும் இருந்தன. 1941 ஏப்ரலில் வகுக்கப்பட்ட திட்டத்தின்படி அதன் ஆள்பலம் 14,483. அவ்வாண்டு ஜூனில் ஜெர்மானியர் படையெடுத்தனர். ஜூலைத் திட்டம் அதனை 10,859-ஆகக் குறைத்தது. 1943-இல் அது மேலும் சுருங்கி 9,400-க்கு அருகில் நின்றது. களத்திலிருந்த டிவிஷன்கள் பல இவ்வெண்ணிக்கைக்கும் மிகவும் குறைவாகவே இருந்தன. பெயர் பெரியது, ஆள் சிறியது என்ற இந்நிலை ருஷ்யப் படையின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதை நாம் பின்னரும் காண்போம்.

1957-ஆம் ஆண்டு மார்ஷல் ஷூக்கோவ் பாதுகாப்பு அமைச்சராக இருந்த காலத்தில், நடந்து செல்லும் காலாட்படை டிவிஷன்கள் மோட்டார்த் துப்பாக்கி டிவிஷன்களாக மாற்றப்பட்டன. அணுகுண்டு விழக்கூடிய களத்தில் கால்நடையாகப் போரிட இயலாது, ஒவ்வொரு சிப்பாயும் வண்டியேற வேண்டும் என்பது இம்மாற்றத்தின் கருத்து. 1980-களில் இவ்வமைப்பு முதிர்ந்த வடிவம் பெற்றது. மூன்று மோட்டார்த் துப்பாக்கி ரெஜிமெண்டுகள். ஒரு டாங்கி ரெஜிமெண்டு. ஒரு பீரங்கி ரெஜிமெண்டு. ஒரு விமான எதிர்ப்பு ஏவுகணை ரெஜிமெண்டு. இவற்றோடு ஒற்றறியும் பட்டாலியன், பொறியியல் பட்டாலியன், செய்தித் தொடர்பு, நச்சுவாயுத் தற்காப்பு, பழுது பார்ப்பு, மருத்துவம், வழங்கல் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பகுதிகள். எல்லாம் நிறைந்தால் ஆட்கள் சுமார் 13,000. டாங்கிகள் சுமார் 220.

இந்த 220 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அமைப்பின் நுட்பம் விளங்கும். மோட்டார்த் துப்பாக்கி ரெஜிமெண்டு ஒவ்வொன்றிலும் நாற்பது டாங்கிகள் கொண்ட பட்டாலியன் ஒன்று இருந்தது. மூன்றுக்கும் சேர்த்து 120. டாங்கி ரெஜிமெண்டில் பட்டாலியனுக்கு 31 வீதம் மூன்று பட்டாலியன்கள். தலைவரின் டாங்கியையும் சேர்த்து 94. எஞ்சிய சில ஒற்றறியும் பட்டாலியனைச் சேர்ந்தவை. அதாவது டாங்கிகளிற் பெரும்பகுதி காலாட்களோடு கலந்தே நின்றது. எதிரியின் அணி உடைந்த இடத்தில் புகுந்து ஓடுவதற்காக மற்றொரு பகுதி கையிருப்பில் வைக்கப்பட்டது.

இவ்வமைப்பின் உயிர்நாடி பி.எம்.பி. என்னும் வண்டி. 1967 நவம்பரில் மாஸ்கோ செஞ்சதுக்க அணிவகுப்பில் இதனை உலகம் முதன்முதலாகக் கண்டது. அதுகாறும் கவச வண்டி என்பது சிப்பாயைக் களத்தின் விளிம்புவரை கொண்டுபோய் இறக்கிவிடும் பஸ்ஸாகவே இருந்தது. இதிலோ பீரங்கியும் உண்டு, டாங்கியெதிர்ப்பு ஏவுகணையும் உண்டு. உள்ளிருப்போர் பக்கத் துளைகளின் வழியே சுடவும் கூடும். ஆற்றில் நீந்தியும் செல்லும். 1980-இல் வந்த பி.எம்.பி.-2 வண்டியில் முப்பது மில்லிமீட்டர் விரைவுப் பீரங்கி பொருத்தப்பட்டது. எடை சுமார் பதினான்கு டன். வண்டியை இயக்குவோர் மூவர், பின்னால் அமர்வோர் எழுவர்.

நீந்த வேண்டுமானால் எடை குறைவாக இருத்தல் வேண்டும். எடை குறைய வேண்டுமானால் கவசம் மெலிய வேண்டும். பக்கச் சுவர் துப்பாக்கிக் குண்டையும் சில்லையும் தடுக்கும். கனரக இயந்திரத் துப்பாக்கியைத் தடுக்காது. பின்கதவுகளோ உள்ளீடற்றவை, அவற்றினுள் எரியெண்ணெய் நிரப்பப்படுகிறது. கதவில் எண்ணெய், நடுவில் எழுவர், முன்னால் எந்திரம் என்பது அதன் இருப்பு. ஆப்கானிஸ்தானத்தில் கண்ணிவெடிக்கு அஞ்சிய சோவியத் சிப்பாய்கள் வண்டியினுள் அமராமல் அதன் முதுகின்மீது அமர்ந்து செல்லத் தலைப்பட்டனர். அப்பழக்கம் இன்றளவும் மறையவில்லை. கவசத்திற்கு வெளியே இருப்பதே பாதுகாப்பு என்று பயனாளரே தீர்மானித்த பின், அக்கவசத்தைப் பற்றி நாம் கூற வேண்டுவது அதிகமில்லை.

டி-72 டாங்கியின் கதையும் இதனையொத்ததே. 1973-இல் படையில் சேர்க்கப்பட்ட இது 125 மில்லிமீட்டர் பீரங்கியும் சுமார் 41 டன் எடையும் கொண்டது. மேலைநாட்டு டாங்கிகளில் நால்வர் இருக்க, இதில் மூவரே உளர். குண்டை எடுத்துப் பீரங்கியினுள் இடும் நான்காமவனின் வேலையை ஓர் இயந்திரம் செய்கிறது. அதற்கான இருபத்திரண்டு குண்டுகள் சுழல்தட்டு ஒன்றில் கோபுரத்தின் அடியில், ஆட்களின் காலடியிலேயே வட்டமாக அடுக்கப்பட்டுள்ளன. இதனால் டாங்கி குள்ளமாயிற்று, இலக்காகத் தெரியும் பரப்புக் குறைந்தது, விலையும் குறைந்தது. ஆனால் கவசம் ஒரு முறை துளைக்கப்பட்டால் காலடிக் குண்டுகள் அனைத்தும் ஒருசேர வெடித்துக் கோபுரத்தையே தூக்கி எறிந்துவிடக்கூடும். 1991-இல் ஈராக்கிலும், 2022 முதல் உக்ரைனிலும் இக்காட்சியைப் படங்களில் பலர் கண்டிருப்பர். அத்தகைய வெடிப்பில் உள்ளிருந்த மூவரும் பிழைப்பது அரிது.

பீரங்கியே ருஷ்யப் படையின் பழம்பெருமை. ரெஜிமெண்டுக்குப் பதினெட்டு 122 மில்லிமீட்டர் பீரங்கிகள், டிவிஷனின் பீரங்கி ரெஜிமெண்டில் 152 மில்லிமீட்டர் பீரங்கிகள் என்று அவை அடுக்கப்பட்டிருந்தன. இவற்றுக்கு ருஷ்யர் இட்ட பெயர்கள் விந்தையானவை: முன்னது கார்னேஷன் பூ, பின்னது அகேசியா, பெரிய மார்ட்டர் ஒன்றுக்கு டியூலிப் மலர் என்று பெயர். பூந்தோட்டத்தின் பெயர்ப்பட்டியலைக் கொண்டு ஓர் ஊரையே அழிக்கலாம் போலும்!

'கிராத்' என்பதற்குப் பூவின் பெயர் இல்லை. ஆலங்கட்டி மழை என்பது பொருள். லாரியின்மீது நாற்பது குழாய்கள். இருபதே விநாடிகளில் நாற்பது ராக்கெட்டுகளும் சென்றுவிடும். ஒரு பட்டாலியனில் பதினெட்டு லாரிகள். ஒரு முழு வீச்சுக்கு 720 ராக்கெட்டுகள். ஒரு ராக்கெட்டின் எடை 66 கிலோ. ஆகவே 720-க்கு 47 டன்னுக்கு மேல். ஐந்து டன் லாரிகளாயின் பத்து வேண்டும். இருபது விநாடிச் செயலுக்குப் பத்து லாரிச் சுமை! மீண்டும் ஒரு வீச்சு வேண்டுமானால் மற்றொரு பத்து லாரிகள் வந்து சேரவேண்டும். ராக்கெட்டுகளைச் சிப்பாய்கள் ஒவ்வொன்றாகத் தோள்கொடுத்துக் குழாயில் ஏற்றவேண்டும். போர்ச் செய்தியில் பீரங்கியின் எண்ணிக்கையைக் கேட்பவர் லாரியின் எண்ணிக்கையையும் கேட்கவேண்டும் என்று முன்னர்க் கூறியதன் காரணம் இதுவே.

ருஷ்யர் இச்சுமையைப் பெரும்பாலும் இரயிலின்மீது ஏற்றினர். அவர்களுடைய படையில் இரயில் பாதை அமைக்கவும் செப்பனிடவும் தனித் துருப்புகளே உண்டு. எண்ணெய்க் குழாய் பதிக்கவும் துருப்புகள் உண்டு. இரயில் நிலையத்திலிருந்து களம்வரை உள்ள தொலைவை லாரிகள் கடக்கவேண்டும். அத்தொலைவு நீள நீள டிவிஷனின் வலிமை தேயும். 2022-ஆம் ஆண்டுப் போரின் முதல் வாரங்களில் கீவ் நகரை நோக்கிச் சென்ற படைகள் இதனை அனுபவத்தில் கண்டன.

ஒரு டிவிஷன் தனித்து இயங்குவதில்லை. சில டிவிஷன்களையும் பிரிகேடுகளையும் சேர்த்து ஓர் 'ஆர்மி'யின்கீழ் வைப்பர். ஏவுகணைப் பிரிகேடு, கனரகப் பீரங்கிப் பிரிகேடு, வான்காப்புப் பிரிகேடு, வழங்கல் பிரிகேடு முதலியன அந்த ஆர்மியின் நேரடிப் பொறுப்பில் இருக்கும். விளாதிகாவ்காஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட 58-ஆவது ஆர்மி இவ்வகையைச் சேர்ந்தது. 2008 ஆகஸ்டில் ஜார்ஜியாவோடு நடந்த ஐந்து நாட் போரில் ஈடுபட்டது அதுவே. வண்டித் தொடரோடு முன்சென்ற அதன் தலைவர் ஜெனரல் ஹ்ருல்யோவ் எதிர்பாராத மோதலில் காயமுற்றார்.

மேலே விவரித்த டிவிஷன் முழுமையாக இருந்தது எத்தனை இடங்களில்? சோவியத் காலத்திலேயே பெரும்பாலான டிவிஷன்கள் எலும்புக்கூடுகளே. அதிகாரிகளும் கிடங்குக் காவலரும் டாங்கிகளும் இருப்பர், சிப்பாய்கள் இரார். பெரும்போர் மூண்டால் பயிற்சி பெற்ற குடிமக்களை அழைத்து நிரப்பிக்கொள்வது ஏற்பாடு. பெரும்போர் என்று அறிவிக்காமல் நடத்தும் போர்களுக்கு இவ்வேற்பாடு உதவவில்லை. 1994 டிசம்பரில் செச்சன்யாவில் படை நுழைந்தபோது பல இடங்களிலிருந்து ஆட்களைப் பொறுக்கிச் சேர்த்துப் பட்டாலியன்களை நிரப்பினர். புத்தாண்டுக்கு முந்திய நாள் குரோஸ்னி நகருக்குள் சென்ற 131-ஆவது மோட்டார்த் துப்பாக்கிப் பிரிகேடு தெருக்களில் சூழப்பட்டு நாசமுற்றது; அதன் தலைவர் கர்னல் சாவினும் மாண்டார். வண்டிகள் இருந்தன, அவற்றினின்று இறங்கி வீடு வீடாகப் போரிடப் போதிய காலாட்கள் இல்லை.

ஜார்ஜியப் போருக்குப் பின், 2008 அக்டோபரில், பாதுகாப்பு அமைச்சர் செர்தியுக்கோவ் சீர்திருத்தத்தை அறிவித்தார். அக்காலத்தில் உடனே போருக்குச் செல்லத்தக்க நிலையிலிருந்த பகுதிகள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்று தலைமைத் தளபதி மகாரோவ் வெளிப்படையாகவே கூறினார். டிவிஷன், ரெஜிமெண்டு என்னும் இரண்டு படிகளும் நீக்கப்பட்டு, அவற்றினிடத்தில் சுமார் நாலாயிரம் பேர் கொண்ட பிரிகேடு வந்தது. மூன்று மோட்டார்த் துப்பாக்கிப் பட்டாலியன்கள், 41 டாங்கிகள் கொண்ட ஒரு பட்டாலியன், இரண்டு பீரங்கிப் பட்டாலியன்கள், ஒரு ராக்கெட் பட்டாலியன், வான்காப்புக்கு இரண்டு என்று அது அமைந்தது. ஆள் தொகையை நோக்கப் பீரங்கிகள் மிகுதி என்பதைக் காண்க. 1943-இல் தமான் தீபகற்பத்தை மீட்டதற்காகப் பெயர் பெற்ற தமான் டிவிஷனும், காந்தெமிரோவ்கா டாங்கி டிவிஷனும் கலைக்கப்பட்டன. பழைய கொடிகளைக் காண விரும்பியவர் பலர் இருந்தனர் போலும். 2013 மே மாதம் இவ்விரண்டும் மீண்டும் உயிர்ப்பிக்கப்பட்டன.

அப்பிரிகேடும் முழுமையாகக் களம் செல்லவில்லை. கட்டாயச் சேவைக்கு வரும் இளைஞருக்குப் பணிக்காலம் 2008 முதல் ஓராண்டே. அவர்களைப் போருக்கு அனுப்புவது அரசியல் வகையில் தொல்லை தருவது. எனவே ஒப்பந்தச் சிப்பாய்களை மட்டும் திரட்டி, பிரிகேடு ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு பட்டாலியன் போர்க்குழுக்களை ஆயத்தமாக வைத்தது. ஒரு குழுவில் அறுநூறு முதல் தொள்ளாயிரம் பேர், பத்து டாங்கிகள், முப்பதுக்கும் மேற்பட்ட கவச வண்டிகள், இரண்டு மூன்று பீரங்கிப் பேட்டரிகள். இத்தகைய 168 குழுக்கள் உள்ளதாக 2021-இல் அமைச்சர் ஷொய்கு அறிவித்தார்.

தாளில் இது கச்சிதமாகத் தோன்றும். ஆனால் தொள்ளாயிரத்தில் வண்டி ஓட்டுபவர், பீரங்கியர், வானொலியர், சமையற்காரர், பழுது பார்ப்போர் ஆகியோரைக் கழித்துவிட்டால் வண்டியினின்று இறங்கித் தரையில் நின்று போரிடுவோர் இருநூறு பேர் அளவே. சமாதானக் காலத்தில் இடங்கள் காலியாக இருந்தால் அதனினும் குறைவு. காட்டிலும் ஊரிலும் டாங்கியின் பக்கத்தைக் காக்கவேண்டியவர் இவர்களே. 2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைனில் நடந்தவற்றுள் பலவற்றுக்கு இந்த ஒரு கழித்தற் கணக்கே பெரும் விளக்கம் தருகிறது. அவ்வாண்டு மே மாதம் சிவேர்ஸ்கி தோனெத்ஸ் ஆற்றின் மிதவைப் பாலக் கடப்பில் ஒரு குழுவின் வண்டிகள் இரு கரைகளிலும் குவியலாக அழிந்தன. மிதவைப் பாலத் தளவாடத்தில் குறையில்லை. 1973-இல் சூயஸ் கால்வாயை எகிப்தியர் கடந்தது இவ்வகைச் சோவியத் பாலத்தைக் கொண்டுதான். கரையைப் பிடித்து நிற்க ஆட்களும், வானத்தை மறைக்கப் பாதுகாப்பும் அங்குப் போதவில்லை.

2022 டிசம்பரில் ருஷ்யா மீண்டும் டிவிஷனுக்கே திரும்புவதாக அறிவித்தது. பிரிகேடுகள் பல டிவிஷன்களாக விரிக்கப்படும் என்பது திட்டம். அதற்கு முன்னரே, செப்டம்பர் 21-ஆம் நாள், மூன்று இலட்சம் பேரை அழைக்கும் பகுதித் திரட்டல் ஆணை பிறந்தது. தளவாட இழப்பை ஈடுசெய்ய 1960-களின் டி-62 டாங்கிகளும், 2023-இல் அவற்றினும் பழைய டி-55 டாங்கிகளும் கிடங்குகளினின்று வெளிவந்தன. சிறு ஆளில்லா விமானங்கள் வானை நிறைத்துவிட்ட பின்னர், முப்பது வண்டிகள் ஒருங்கே நகர்வது அரிதாகிவிட்டது. மூவர் நால்வராகக் காலாட்கள் ஊர்ந்து செல்வதே வழக்கமாயிற்று. ஆகவே, படியின் உச்சியில் டிவிஷன் என்ற பெயர் திரும்பிவர, படியின் அடியில் ஸெக்ஷன் என்பதும் உடைந்து சிறுத்தது. நாளும் குறைவது அந்த அடிப்படியே. நாளும் நிரப்பவேண்டியதும் அதுவே.

இந்நிரப்புதலில் நம் நாட்டினரும் அகப்பட்டுக்கொண்டனர். உதவியாளர் வேலை, காவல் வேலை என்று கூறித் தரகர்கள் இந்திய இளைஞர் சிலரை ருஷ்யாவுக்கு அனுப்பினர். 2024 மார்ச்சில் மத்தியப் புலனாய்வுத் துறை இத்தரகர் வலையின்மீது வழக்குப் பதிந்தது. அவ்வாண்டு ஜூலையில் பிரதமர் மாஸ்கோவில் இதுபற்றிப் பேசினார். 2025 ஜனவரியில் வெளியுறவு அமைச்சகம் அளித்த கணக்கின்படி, ருஷ்யப் படையில் சேர்ந்தவர்களாகத் தெரியவந்த இந்தியர் 126 பேர். 96 பேர் தாயகம் திரும்பினர். 12 பேர் உயிரிழந்தனர். 16 பேர் இருக்குமிடம் தெரியவில்லை.

இதுகாறும் கூறிய அமைப்பை மனத்திற் கொண்டால், 'உதவியாளர்' என்ற சொல்லின் பொருத்தமின்மை தெளிவாகும். ருஷ்யப் படையில் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவன் ஒரு சிப்பாய்; அவனை வழங்கல் கம்பெனியில் வைப்பதா, மோட்டார்த் துப்பாக்கிக் கம்பெனியில் வைப்பதா என்பதைப் படைத்தலைமை தீர்மானிக்கிறது; தரகர் தீர்மானிப்பதில்லை. ஒப்பந்தத்தில் ஓராண்டு என்று எழுதியிருக்கலாம். எனினும் 2022 செப்டம்பர் ஆணையின்படி, திரட்டற் காலம் முடிவதாக அறிவிக்கப்படும்வரை ஒப்பந்தச் சிப்பாயின் பணி, வயது, உடல்நலக்கேடு, நீதிமன்றத் தண்டனை ஆகிய சில காரணங்களாலன்றி முடிவதில்லை. இவ்விதி ஒப்பந்தத் தாளில் அன்று, ஆணையில் உள்ளது. வெளிநாட்டு வேலை தேடும் இளைஞர் எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும், ருஷ்யப் படையில் சேருமாறு வரும் அழைப்புகளை ஏற்கவேண்டாம் என்று நம் வெளியுறவு அமைச்சகம் பன்முறை அறிவித்துள்ளது.